சப்பாத்துப் பெட்டியில் வந்த கணக்கு

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை இரவு, வாகனத் தரிப்பிடத்தில் வைத்து ஒருவர் என் கையில் ஒரு சப்பாத்துப் பெட்டியைத் தந்தார். என் மகன் போகும் வான்படைக் கடேற் ஸ்குவாட்ரனில் (கனடாவில் 12 முதல் 18 வயதுவரையான பிள்ளைகளுக்கான சீருடைப் பயிற்சி அணி) அதுவரை பெற்றோர் குழுவின் பொருளாளராக இருந்தவர் அவர். அவருடைய மகளுக்கு 19 வயது ஆகிவிட்டது. பிள்ளை வெளியேறினால் பெற்றோரும் கழன்றுவிடுவதுதான் வழக்கம். “எல்லாம் இதற்குள் இருக்கிறது” என்றார். குளிர் வேறு. பெட்டியைத் திறந்து பார்க்காமலேயே இரண்டு பேரும் அவரவர் காருக்கு ஓடினோம்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் கொட்டினேன். மை மங்கி வெறும் வெள்ளைத் துண்டாகிவிட்ட பற்றுச்சீட்டுகள். பாதி கிழித்த காசோலைப் புத்தகம். எங்கள் வீட்டில் எந்தக் கணினியிலும் திறக்காத ஒரு யூஎஸ்பி. கடித உறை ஒன்றில் 11 ஒரு சதக் காசுகள். கனடாவில் ஒரு சதக் காசு விடுவதை 2013 பெப்ரவரியோடு நிறுத்திவிட்டார்கள், அதனால் இந்த உறை எத்தனை பொருளாளரைக் கண்டிருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். (அந்த நினைப்புத் தவறு, பிறகு சொல்கிறேன்.) பெட்டியின் மூலையில் எந்தப் பூட்டுக்கு என்று எழுதாத இரண்டு சின்னச் சாவிகள்.

இந்தக் கோடையில் என் மகனுக்கும் 19. இப்போது கொடுக்கிற ஆள் நான்.

பெற்றோர் குழுவுக்கு முக்கியமாக என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் காசு என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். காசு எப்படியாவது வந்துவிடுகிறது. எங்கள் குழுவை ஒவ்வொரு தடவையும் விழுத்தியது, போன வருடம் இதை யார், எப்படிச் செய்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாமல் போனதுதான். பிள்ளைகள் 12 வயதில் வருவார்கள், 19இல் போவார்கள். அவர்களோடு பெற்றோரும் வருவார்கள், போவார்கள். போகும்போது தலைக்குள் இருப்பதையும் கொண்டு போய்விடுவார்கள். அதனால் இந்த வருடம் முழுக்க நான் ஒரு பைண்டர் செய்தேன். அதில் என்ன வைத்தேன், ஏன் வைத்தேன் என்பதுதான் இந்தப் பதிவு. நம் ஆட்களின் பிள்ளைகள் நிறையப் பேர் கடேற்றில் இருக்கிறார்கள், ஆனால் குழுக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைவு. யாராவது ஒருவருக்கு உதவினால் சரி.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு சுருக்கம். கனடாவில் கடற்படை, தரைப்படை, வான்படை என்று மூன்று கடேற் அமைப்புகள் உண்டு. மூன்றையும் தேசியப் பாதுகாப்புத் திணைக்களமும் அந்தந்த லீக்கும் சேர்ந்து நடத்துகின்றன. லீக் என்பது பொதுமக்களின் தொண்டு அமைப்பு. வான்படைக் கடேற் லீக் 1941இல், இரண்டாம் உலகப் போரின் நடுவில் தொடங்கியது. பெண்பிள்ளைகளை 1975இலிருந்து சேர்க்கிறார்கள். சீருடை, அதிகாரிகளின் சம்பளம், கட்டாயப் பயிற்சி, கோடைகால முகாம் எல்லாம் அரசாங்கத்தின் பொறுப்பு. சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. மிச்சம் இருப்பதெல்லாம், அதாவது அரசாங்கம் இடம் தராவிட்டால் மண்டப வாடகை, மேலதிகப் பயணங்கள், வருட இறுதி அணிவகுப்புக்கான கேடயங்கள், வாத்தியக் குழுவின் மேளம், லீக்கின் மாகாணக் குழுவுக்குக் கடேற் தலைக்கு இவ்வளவு என்று கட்டும் பணம், இவை பெற்றோர் குழுவின் தலையில். அதிகாரபூர்வப் பெயர் ஆதரவுக் குழு. நாங்கள் வாயால் சொல்வது “கொமிற்றி”.

பைண்டரின் முதல் தாள் தமிழில் இருக்கிறது. அதற்குக் காரணம் என் மாமி.

மகன் முதல்தடவை சீருடை போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தபோது மாமி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அவன் போன பிறகுதான் என்னிடம் கேட்டார்: “நாங்கள் ஆமிக்குத் தப்பி வந்த ஆக்கள் பிள்ளை. நீ பெடியனுக்கு உடுப்புப் போட்டு அனுப்புறியோ?”

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவன் விமானம் என்றால் உயிரை விடுவான், அதனால் சேர்த்தேன், அவ்வளவுதான். பிறகு தேடிப் பார்த்தேன். கடேற் அமைப்புகள் கனடியப் படைகளின் பகுதி அல்ல என்று தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் 46ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. கடேற்றாக இருந்த பிள்ளை படையில் சேர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 12 வயதுக்குக் கீழே சேர முடியாது, 19 ஆனால் இருக்க முடியாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். “சட்டத்தில எல்லாம் எழுதுவாங்கள்” என்றார். அங்கே இருந்து வந்த ஒருவருக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் சில மாதங்களில் அவரே அவனுடைய சட்டையை அயன் பண்ணிக் கொடுக்கத் தொடங்கினார். கையில் ஒரே ஒரு மடிப்புக் கோடுதான் வர வேண்டும், இரண்டு வந்தால் பரிசோதனையில் பிடித்துவிடுவார்கள் என்று எனக்கே பாடம் எடுத்தார்.

மாமி கேட்ட கேள்வியைப் பிறகு எத்தனையோ பெற்றோர் என்னிடம் கேட்டார்கள், பெரும்பாலும் காதோடு காதாக. அதனால் ஒரு பக்கத்தில் எழுதி வைத்தோம். இது ஆமியா? காசு எவ்வளவு? சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு விடுபடுமா? கோடை முகாமுக்குக் கட்டாயம் போக வேண்டுமா? பிள்ளை வளர்ந்து சீருடை சின்னதாகிவிட்டால்? (கழுவித் திருப்பிக் கொடுத்தால் பெரிய அளவு தருவார்கள். நீங்கள் வாங்க வேண்டாம்.) ஐந்து கேள்வி, ஐந்து பதில். குழு செய்த வேலைகளிலேயே அதிகம் பயன்பட்டது இந்தத் தாள் என்று நினைக்கிறேன். செலவு அச்சடித்த மையும் தாளும். இதைப் பார்த்துவிட்டு ஒரு சீனத் தாயும் ஒரு பிலிப்பினோத் தாயும் தங்கள் மொழியில் எழுதித் தந்தார்கள்.

இரண்டாவது தாள் அதிகாரிகளுக்கும் குழுவுக்கும் நடுவே உள்ள கோடு பற்றியது. பயிற்சி, ஒழுங்கு, பதவி உயர்வு எல்லாம் கட்டளை அதிகாரியின் கையில். காசு குழுவின் கையில். குழுவின் காசோலையில் அதிகாரிகள் கையொப்பம் போட முடியாது, அதுபோல் யாருக்கு எப்போது சார்ஜன்ட் பட்டி கொடுப்பது என்று குழுவும் வாய் திறக்கக் கூடாது. சொல்லும்போது சுலபம். தன் பிள்ளைக்கு ஏன் இன்னும் பதவி உயர்வு வரவில்லை என்று ஒரு அப்பா என்னை மளிகைக் கடையில் மறித்து, வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டே கால் மணிநேரம் கதைத்தார். நான் பொருளாளர் அண்ணை, எனக்குத் தெரிந்தது மண்டப வாடகை மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது நம்பும்படியாக இல்லை.

இனிக் கணக்கு. பைண்டரில் பாதி இதுதான்.

நான் கணக்குப் படித்தவள் இல்லை. பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை. முதல் வருடம் ஓகஸ்ட் வந்ததும் ‘ஏசிசி 9’ என்று ஒரு படிவம் வந்தது. லீக்கின் நிதியாண்டு ஓகஸ்ட் 31இல் முடிகிறது, அன்றுவரை வந்த காசும் போன காசும் அதில் வர வேண்டும். சப்பாத்துப் பெட்டியிலிருந்த வெள்ளைத் துண்டுகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பிடித்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்த அந்த வாரத்தை மறக்க மாட்டேன். வெப்பத் தாளில் அச்சாகும் பற்றுச்சீட்டு சில மாதங்களிலேயே வெளுத்துவிடும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ஒரே விதி: பற்றுச்சீட்டு கைக்கு வந்த உடனே ஃபோனில் ஒரு படம், பின்பக்கத்தில் எதற்கு, யார் வாங்கினார் என்று பேனாவால் ஒரு வரி. அந்த வரி இல்லாவிட்டால் காசு திருப்பிக் கொடுக்க மாட்டேன். முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டது.

எங்கள் குழு பதிவு செய்த தொண்டு நிறுவனம். எல்லா ஸ்குவாட்ரன் குழுவும் அப்படி இல்லை, உங்களுடையது எது என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பதிவு இருந்தால் வரித் திணைக்களத்துக்கு ‘டி 3010’ படிவமும் போட வேண்டும். நிதியாண்டு முடிந்து ஆறு மாதம், ஆக எங்களுக்குப் பெப்ரவரி கடைசி. போடாமல் விட்டால் பதிவே பறிபோகும். பதிவு போனால் நன்கொடைக்கு வரிச்சலுகைப் பற்றுச்சீட்டு கொடுக்க முடியாது. கணக்குப் புத்தகங்களை ஆறு வருடம் வைத்திருக்கவும் வேண்டும். என் அலுமாரியின் கீழ்த்தட்டு அப்படித்தான் போனது.

அந்தப் பற்றுச்சீட்டில் நானும் ஒரு தவறு விட்டேன். ஒரு கடேற்றின் அப்பா அச்சகம் வைத்திருக்கிறார். அணிவகுப்புக்குப் பெரிய பதாகை ஒன்றை இலவசமாக வடிவமைத்துத் தந்தார். நல்ல மனிதர். எவ்வளவு பெறுமதி என்று கேட்டு, அந்தத் தொகைக்கு வரிச்சலுகைப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு அது நன்றி சொல்லும் முறை. இரண்டு வாரம் கழித்து இதை மாகாணக் குழுவில் இருந்த ஒரு வயதான தொண்டரிடம் பெருமையாகச் சொன்னேன். ஃபோனில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு மெதுவாக விளங்கப்படுத்தினார்: செய்து தந்த வேலை சட்டப்படி நன்கொடை ஆகாது, காசோ பொருளோ கைமாற வேண்டும். குலுக்கல் சீட்டு வாங்கினவருக்கும் கொடுக்க முடியாது, அவர் வாங்கினது சீட்டு. ஆக, கொடுத்த பற்றுச்சீட்டைத் திருப்பித் தாருங்கள் என்று அந்த அப்பாவிடம் போய்க் கேட்க வேண்டி வந்தது. அவர் சிரித்துக்கொண்டே தந்தார், எனக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை. ரத்து செய்த அந்தத் தாளைப் பைண்டரில் வைத்திருக்கிறேன், மேலே சிவப்பு மையில் “இப்படிச் செய்யாதீர்கள்” என்று எழுதி.

குலுக்கல் என்றதும் ஒன்று. வருட இறுதி விருந்தில் யாராவது ஒருவர் கட்டாயம் எழும்பி, ஒரு ஃபிஃப்டி ஃபிஃப்டி (சீட்டுக் காசில் பாதி வென்றவருக்கு, பாதி குழுவுக்கு) வைப்போமே, உடனே காசு சேர்ந்துவிடும் என்பார். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் அதற்கும் உரிமம் வேண்டும். மாநகராட்சியில் முன்கூட்டியே விண்ணப்பித்து எடுக்க வேண்டும், அந்தக் காசுக்குத் தனிக் கணக்கு, முடிந்ததும் அறிக்கை. கடேற் குழு என்றால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் ஒரு வருடம் முறையாக எடுத்துச் செய்தோம், நன்றாகத்தான் போனது. அடுத்த வருடம் வேலைப்பளுவை நினைத்து விட்டுவிட்டோம்.

எங்களுக்குப் பெரிய வருமானம் டாக் டே. கடை வாசலில் சீருடையோடு இரண்டு இரண்டு கடேற்றாக நின்று, வருகிறவர்களுக்குச் சின்ன அட்டை கொடுத்துப் பெட்டியை நீட்டுவார்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு நாள் வேலை. உள்ளே மூன்று மாத வேலை. கடை முகாமையாளருக்குக் கடிதம், பதில் வராமல் நேரில் போய்க் கெஞ்சுவது, சில கடைகள் கேட்கும் காப்புறுதிச் சான்றிதழை லீக்கிடமிருந்து முன்னமே வாங்கி வைப்பது, யார் எந்த வாசலில் எத்தனை மணிக்கு என்ற அட்டவணை, அந்த அட்டவணையைக் கடைசி இரவில் மூன்று பேர் காய்ச்சல் என்று குலைப்பது. கடிதத்தின் மாதிரி, எந்தக் கடையில் யாரிடம் எந்த நாளில் கேட்டால் வேலை நடக்கும் என்ற குறிப்பு, பழைய அட்டவணைகள் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். “இந்த வாசலில் காற்று நேரே அடிக்கும், சின்னப் பிள்ளைகளைப் போடாதீர்கள்” என்பதுபோன்ற விஷயங்களையும்தான். அது எந்தக் கையேட்டிலும் இருக்காது.

என் மகனுடைய முதல் டாக் டே எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. 12 வயது, தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. முதல் அரை மணிநேரம் வாயே திறக்கவில்லை. பெட்டியை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வருகிறவர்களின் சப்பாத்தைப் பார்த்தபடி நின்றான். கூட நின்ற 17 வயதுப் பெண்பிள்ளை, அவனைவிட நாலு பதவி மேலே, திட்டவில்லை. “முதல் ஐந்து பேருக்குக் காலை வணக்கம் மட்டும் சொல்லு, காசு கேட்க வேண்டாம்” என்றாள். சொன்னான். ஆறாவது ஆளாக வந்தவர் நம் ஆள், வயதானவர், மார்பில் இருந்த பெயரை உற்றுப் பார்த்துவிட்டு “தம்பி தமிழோ?” என்றார். ஓம் என்றான். “எந்த ஊர்?” “ஸ்காபரோ.” அவர் சிரித்து, “அது எனக்கும் தெரியும் ராசா, அப்பாடை ஊர்?” என்று கேட்டார். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் தூணுக்குப் பின்னால் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஐந்து டொலர் போட்டுவிட்டுப் போனார். அன்று இரவு அவன் தன் அப்பாவிடம் உட்கார்ந்து ஊர்க் கதை கேட்டான், இவர் ஒரு மணிநேரம் சொன்னார்.

அதே பிள்ளை மூன்று வருடம் கழித்து லீக்கின் பேச்சுப் போட்டியில், தயாரித்த பேச்சு முடிந்து உடனடித் தலைப்பும் கையில் தந்த பிறகு, பதறாமல் நின்று பேசினான். பரிசு வரவில்லை. எனக்குக் கடை வாசல்தான் ஞாபகம் வந்தது.

காசு எண்ணுவது பற்றி எழுதாமல் இருக்க முடியாது. முதல் வருடம் பெட்டிகள் பூட்டோடு வந்து சேர்ந்தன. சாவி எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பெட்டியைத் திருப்புளியால் நெம்பித் திறந்து, தகரம் கிழிந்து, ஒரு தாய்க்கு விரலும் வெட்டுப்பட்ட பிறகுதான், சப்பாத்துப் பெட்டியின் மூலையில் கிடந்த அந்த இரண்டு சாவியும் எனக்கு உறைத்தது. காரில் போய் எடுத்து வந்தேன். அது வரைக்கும் எல்லோரும் பீட்சா சாப்பிட்டுக்கொண்டு பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

எண்ணும் முறை இப்போது எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கம். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் கையொப்பம். இரண்டு பேர் எண்ண வேண்டும், இருவரும் ஒரே வீட்டவராக இருக்கக் கூடாது, மூன்றாவது ஆள் எழுத வேண்டும். சந்தேகத்தினால் வந்த விதி இல்லை. எண்ணினவரைப் பிறகு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி. ஒரு டொலர்க் காசு 25 சேர்ந்தால் ஒரு சுருள், இரண்டு டொலரும் 25, கால் டொலர் 40, பத்துச் சதம் 50. ஒரு மணிநேரம் எண்ணினால் விரல் நுனி கறுத்து, உலோக வாடை பிடித்துவிடும். எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேய்த்தால்தான் போகும். அப்புறம் அந்த ஒரு சதக் காசு. நிறுத்தி இவ்வளவு காலமாகியும் ஒவ்வொரு டாக் டேயிலும் யாரோ ஒருவர் வீட்டு லாச்சியில் கிடந்ததைக் கொண்டு வந்து போட்டுவிடுகிறார்கள். ஆக அந்த உறை பழைய பொருளாளர்களின் சொத்தில்லை. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டிருந்தது. நான் கொடுக்கும்போது 58.

போன மூன்று வருடமாக “காசு கொண்டு வரவில்லையே” என்பதுதான் வாசலில் அதிகம் கேட்கும் வசனம். ஈ-ட்ரான்ஸ்ஃபர் அனுப்பும் மின்னஞ்சல் முகவரியைப் பெரிய எழுத்தில் அட்டையாக்கிப் பெட்டியில் ஒட்டினோம். இதில் ஒரு எச்சரிக்கை: அந்த முகவரி என்னுடையதாக இருக்கக் கூடாது. பொருளாளர் பதவிக்கு என்று ஒரு முகவரி, யார் வந்தாலும் கைமாறும்படி. முந்தியவருடைய சொந்த முகவரிக்கு வங்கிக் கடிதங்கள் ஒரு வருடம் போய்க்கொண்டிருந்தன, அவர் பாவம் எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்.

பரிசோதனைத் தாள்களும் பைண்டரில் ஒரு பிரிவு. குழுவில் இருப்பவர்கள், பிள்ளைகளோடு போய் வருகிறவர்கள் எல்லோரும் லீக்கின் சோதனைக்கு உட்பட வேண்டும்: விண்ணப்பம், உங்களைத் தெரிந்தவர்களின் பரிந்துரை, பொலிஸ் பதிவுச் சான்று. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பொலிஸ் சான்று என்பது நம் ஆட்களில் சிலருக்குச் சும்மா ஒரு தாள் இல்லை. எங்களில் ஒரு அண்ணை, பிள்ளைகளை ஏற்றி இறக்க எப்போதும் முதல் ஆளாக நிற்பவர், கைரேகை கொடுக்க வரும்படி கடிதம் வந்ததும் குழுவையே விட்டுவிடப் பார்த்தார். தொலைபேசியில் குரலே மாறியிருந்தது. “என்ன பிழை செய்தனான் எண்டு தெரியேல்லை தங்கச்சி.” ஒரு பிழையும் இல்லை. சிறுவர்களோடு வேலை செய்கிறவர்களுக்கான சோதனையில், மன்னிப்புப் பெற்ற பாலியல் குற்றவாளி யாருடையதாவது பிறந்த திகதியும் பாலினமும் உங்களோடு ஒத்துப்போனால் கைரேகை கேட்பார்கள், அது நீங்கள் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான். பெயரைக்கூடப் பார்ப்பதில்லை. இதை அவருக்கு மூன்று தடவை சொல்லி, கூடவே போய் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். சான்று வர வாரக்கணக்கு எடுத்தது. வந்தது, சுத்தமாக. இப்போது அந்த விளக்கத்தை விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுக்கிறோம், கடிதம் வந்த பிறகு சொல்வதைவிட முதலே சொன்னால் பயம் பாதியாகும்.

கிளைடர் நாள் பற்றிப் பைண்டரில் ஒரே ஒரு பக்கம். பேருந்து, பெற்றோரின் சம்மதத் தாள்கள், மாற்றுத் திகதி. மாற்றுத் திகதியைப் பெரிதாக எழுதியிருக்கிறேன், ஏனென்றால் காற்று யார் சொல்லும் கேட்காது. ஒருமுறை விடிகாலை எழும்பி 30 பிள்ளைகளோடு போய், பத்து மணிவரை புல்லில் உட்கார்ந்திருந்து, காற்று கூட என்று திரும்பி வந்தோம். அடுத்தமுறை பறந்தார்கள். அந்த இரண்டு இருக்கைக் கிளைடர்கள் லீக்குக்குச் சொந்தமானவை. நாங்கள் கடை வாசலில் சேர்க்கும் சில்லறையின் ஒரு துளி சுற்றி வளைத்து அங்கேயும் போய்ச் சேர்கிறது. இழுவை விமானம் கயிற்றை விட்டதும் கீழே ஒரு சத்தமும் இல்லை. மாமியும் அன்று வந்திருந்தார், மடக்குக் கதிரையோடு. கையைப் புருவத்துக்கு மேலே வைத்துக்கொண்டு, “எஞ்சின் இல்லையோ? எஞ்சின் இல்லாமலோ விட்டவங்கள்?” என்று இறங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். சில பிள்ளைகள் தனியாகக் கார் ஓட்ட அனுமதி கிடைக்கும் முன்பே கிளைடர் உரிமம் எடுத்துவிடுகிறார்கள் என்று அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் புதிய பொருளாளரோடு வங்கிக்குப் போனேன். முன்னே சொன்ன அந்தப் பிலிப்பினோத் தாய், மருத்துவமனையில் தாதி, இரவு வேலை முடிந்து நேரே வந்திருந்தார். கையொப்பம் மாற்ற, புதியவரைத் தெரிவு செய்த கூட்டறிக்கை வேண்டும், அதில் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர் வேண்டும், பழைய கையொப்பக்காரர் நேரில் வர வேண்டும். எங்களிடம் எல்லாம் இருந்தது. நான் பொறுப்பெடுத்தபோது இது இரண்டு மாதம் இழுபட்டது, அதுவரை மண்டப வாடகையை என் கடன் அட்டையில் கட்டினேன். இம்முறை 40 நிமிடம்.

பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் பைண்டரை விரித்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவர் தாதி அல்லவா, கையளிப்புக் கேட்டுப் பழகினவர். குறுக்கே கதைக்கவில்லை, சின்னக் குறிப்புப் புத்தகத்தில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். சிவப்பு மைத் தாளில் நின்று சிரித்தார். 34 பக்கம். கடைசிப் பக்கத்தை மூடிவிட்டுக் கேட்டார்:

“பெட்டிகளுக்குச் சாவி எங்கே?”

34 பக்கத்தில் சாவி பற்றி ஒரு வரி இல்லை. எழும்பிப் போய்க் கதவடியில் மாட்டியிருந்த என் கார்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்தேன். ஆறு வருடமாக அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன இரண்டும், வீட்டுச் சாவிக்கும் கடைத் தள்ளுபடி அட்டைக்கும் நடுவில். வளையம் இறுகிப்போயிருந்தது, நகத்தால் நெம்பிப் பார்த்து முடியாமல் அவர்தான் கரண்டிக் காம்பை விட்டுக் கழற்றினார். ஒட்டுநாடாவில் “டாக் டே பெட்டி” என்று எழுதிச் சுற்றி அவரிடம் கொடுத்தேன். அவர் பேனாவைத் திறந்து, முதல் பக்கத்தில் தமிழ்த் தாளுக்கு மேலே இருந்த வெற்றிடத்தில், சாவி யாரிடம் என்று தன் பெயரை எழுதினார்.